குழுவை விட்டு விலகுவது துரோகமாகுமா?

வாசகியின் கடிதம்

41 வயதான வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். படுத்த படுக்கையாகக் கிடந்த தாயை 6 ஆண்டுகள், பார்த்துவந்த வேலையையும் விட்டுவிட்டு, உடனிருந்து கவனித்துக்கொண்டவர் அவர். 14 மாதங்களுக்கு முன் தாய் இறந்தார். அதன்பின் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனபோது, மனநல மருத்துவர் ஒருவர் மனச்சோர்வுக்கான மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதே சமயத்தில், நெருங்கியவரை இழந்தவர்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேசும் ஆதரவுக் குழு ஒன்றிலும் வாசகி சேர்ந்தார். 10 பேர் கொண்ட அந்தக் குழுவை நடத்துபவரும் ஓர் இழப்பைக் கடந்து வந்த பெண்மணியே. எல்லோரும் அவரை 'அக்கா' என்றுதான் அழைக்கிறார்கள்.

இரண்டாவது கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர், "அப்பா இறந்த அன்று எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, நிம்மதி. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை" என்றாராம். அதே உணர்வை மாதக்கணக்கில் நெஞ்சுக்குள் பூட்டி வைத்துத் தன்னைத்தானே வெறுத்துக்கொண்டிருந்த வாசகி, அன்று வாய்விட்டு அழுது, தானும் அதைச் சொல்லியிருக்கிறார். தாய் இறந்தபின் விடியும்வரை தூங்கியது அன்றிரவுதான் என்று எழுதியிருக்கிறார்.

பிறகு நடந்தவை அவரைக் குழப்பியிருக்கின்றன. மாத்திரை துக்கத்தை மரத்துப்போகச் செய்துவிடும் என்று அக்கா சொன்னதால் ஒரே நாளில் நிறுத்தினார். தலைசுற்றலும், உடலில் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வும் வந்தன. "அடக்கி வைத்த துக்கம் வெளியேறுகிறது" என்று அக்கா விளக்கம் தந்தார். இரண்டு வாரத்துக்கு மேல் தாங்க முடியாமல், யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை மீண்டும் தொடங்கிவிட்டார். இன்னொரு பக்கம், குழுவில் உள்ள ஒரு பெண் அநேகமாகத் தினமும் இரவு 11 மணிக்கு மேல் அழைத்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுகிறார். சென்ற மாதம் முதல், "இருக்கவே பிடிக்கவில்லை, உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன், யாரிடமும் சொல்லிவிடாதே" என்கிறார். இதற்கிடையே உறவினர் ஒருவர் வாசகியிடம், "அம்மா போனது உனக்கு நிம்மதியாமே?" என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார். குழுவில் பேசியது எப்படியோ வெளியே போயிருக்கிறது. இப்போது அக்கா நடத்தும் 3 நாள் கட்டண முகாமுக்குப் பாதித் தொகை கட்டியாகிவிட்டது. அங்கே அலைபேசியை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். தயக்கத்தைச் சொன்னபோது, "இப்போது விலகினால் அது தப்பி ஓடுவது. உன்னை நம்பியிருப்பவர்களுக்குச் செய்யும் துரோகம்" என்று பதில் வந்திருக்கிறது.

விலகுவது துரோகமா? குழுவே குணப்படுத்திவிடுமா, தனியாக ஆலோசகர் வேண்டுமா? குழுவில் பேசியதற்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாதா? என்றாவது ஒருநாள் தானும் இப்படியொரு குழுவை நடத்த ஆசைப்படுவது சரியா? இவையே அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில், இரவில் அழைக்கும் தோழி

உங்கள் கேள்விகளுக்குள் போகுமுன், நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் இடையில் எழுதிச் சென்ற ஒன்றை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அது காத்திருக்கக் கூடியதன்று. "இருக்கவே பிடிக்கவில்லை" என்று ஒருவர் சொன்னால் அதைச் சலிப்பில் வந்த பேச்சாக எண்ணி விட்டுவிடக் கூடாது. அவர் அழைக்கட்டும் என்று காத்திராமல் இன்றைக்கே நீங்களாக அழைத்து நேரடியாகக் கேளுங்கள்: "உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா? எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாயா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலரும் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை. அக்கறையோடு நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டுவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கேட்டவரிடம் மனம் திறந்து பேச முடிவதே பலருக்குப் பெரிய ஆறுதலாகிறது. வழியையும் யோசித்து வைத்திருக்கிறார் என்று தெரிந்தால், அவரைத் தனியே விடாமல், அவர் வீட்டில் ஒருவருக்கு உடனே தகவல் சொல்லி, அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். அந்த அளவுக்கு இல்லையென்றாலும், மனநல மருத்துவரையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ தொடர்புகொள்ளும்வரை உடனிருந்து உதவுங்கள்.

'யாரிடமும் சொல்லாதே' என்ற வேண்டுகோளுக்கு நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. அதை அவரிடமே வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்: "உன் மற்ற ரகசியங்கள் எல்லாம் என்னோடு இருக்கும். உன் உயிர் சம்பந்தப்பட்டதை மட்டும் நான் தனியாக வைத்துக்கொள்ள மாட்டேன்." அவர் கோபித்துக்கொள்ளலாம், சில நாள் பேசாமலும் இருக்கலாம். கோபத்தைப் பிறகு சரிசெய்துகொள்ள முடியும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்காக 1953ஆம் ஆண்டு லண்டனில் சாட் வரா என்ற பாதிரியார் தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பில், தொலைபேசியில் கேட்பவர்கள் பெரும்பாலும் சாதாரணத் தன்னார்வலர்கள்தாம். அவர்கள் முறைவைத்து அமர்கிறார்கள். அழைப்பு அமைப்பின் எண்ணுக்கு வருகிறதே தவிர அவர்கள் வீட்டுக்கு வருவதில்லை. முறை முடிந்ததும், கேட்டவற்றை இறக்கி வைக்க அவர்களுக்கென்று ஒருவர் இருக்கிறார். பயிற்சி பெற்றவர்களே ஒற்றை ஆளாகச் சுமக்காத பாரத்தை, துக்கத்தில் இருக்கும் நீங்கள், நள்ளிரவில், தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள்.

அதில் உங்களுக்கு ஒரு நிறைவும் இருந்திருக்கும். அதை நீங்களே ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். உதவுகிறவருக்கே உதவி நன்மை செய்கிறது என்பதை ஃபிராங்க் ரீஸ்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1965இல் ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார். ஆதரவுக் குழுக்கள் இயங்குவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனால் 6 ஆண்டுகள் ஓர் உயிரைக் காத்துவிட்டு, அந்தக் கடமை முடிந்த வெறுமையில் நிற்கும் உங்களுக்கு, இன்னொரு உயிரைக் காக்கும் வேலை மிக எளிதாக வந்து ஒட்டிக்கொள்ளும். இரவு விழிப்பு, மணியோசைக்காகக் காத்திருப்பது, ஒருநாள் எடுக்காவிட்டால் வரும் குற்றவுணர்வு எல்லாமே உங்களுக்குப் பழகியவை. தோழி பாதுகாப்பான கைகளில் இருக்கிறார் என்று உறுதியானபின், பேசும் நேரத்தை மாலைக்கு மாற்றுங்கள். அரை மணி நேரம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரவில் அவர் அழைக்க வேண்டிய வேறு இரண்டு பேரின் எண்களை அவரையே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

மாத்திரையும் மருத்துவரும்

தலைசுற்றலும் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வும் அடக்கி வைத்த துக்கம் வெளியேறியதன் அறிகுறிகள் அல்ல. மனச்சோர்வுக்கான மாத்திரைகளில் பலவற்றைத் திடீரென்று நிறுத்தும்போது உடல் காட்டும் எதிர்வினை அது. எரிச்சல், குமட்டல், தூக்கக் கலைவு, காரணமில்லாத அழுகை ஆகியவையும் சேர்ந்து வரலாம். இதனால்தான் மருத்துவர்கள் அளவைப் படிப்படியாக, வாரங்கள் அல்லது மாதங்கள் எடுத்துக்கொண்டு குறைக்கிறார்கள். நலம் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வதற்குக் காரணம், சீக்கிரம் நிறுத்தினால் மனச்சோர்வு திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதே. நடுவில் இரண்டு வாரம் விட்டுப்போனதையும் நீங்களாகவே மீண்டும் தொடங்கியதையும் மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். எந்த அளவில் தொடர வேண்டும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். விட்டதை ஈடுகட்ட இரட்டை அளவு எடுத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவர்கள் இதைத் தினமும் கேட்கிறார்கள். உங்கள் மீது கோபப்பட மாட்டார்கள்.

மாத்திரை உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்று மருத்துவரிடம் விவாதிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. உணர்வு மரத்துப்போவதாகச் சிலர் சொல்வதும் உண்மைதான். அப்படி இருந்தால் அளவையோ மருந்தையோ மாற்ற வழி இருக்கிறது. அந்த முடிவைக் குழுவில் எடுக்க முடியாது என்பதுதான் நான் சொல்வது. ஒரே நோவை அனுபவித்தவர் மருத்துவரைவிட அதிகம் அறிந்தவர் என்று நீங்கள் எழுதியிருப்பது பாதி சரி. இழப்புக்குப் பின் ஒரு வீட்டுக்குள் நுழைவது எப்படி இருக்கும் என்பதை அவர் அதிகம் அறிவார். உங்கள் உடலில் ஒரு மருந்து என்ன செய்கிறது என்பதை அறிய மாட்டார். சக ஆதரவுக்கு உலகம் அறிந்த முன்னுதாரணமான, குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணைநின்று குடியை விட உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பே, எந்த உறுப்பினரும் மற்றவருக்கு மருத்துவர் ஆகக் கூடாது என்று தன் வெளியீட்டில் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. குடியை முற்றிலும் கைவிட வேண்டும் என்று உறுதியாக நிற்கும் அந்த அமைப்புக்குள்ளேயே, மருத்துவர் தந்த மருந்தைச் சக உறுப்பினர் பேச்சைக் கேட்டு நிறுத்தி ஆபத்துக்குள்ளானவர்கள் இருந்ததால்தான் அப்படி எழுத நேர்ந்தது.

குழு எதைத் தரும்

இதையெல்லாம் படித்துவிட்டு, குழுவில் சேர்ந்ததே தவறு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்த இரண்டாவது கூட்டத்தில் உங்களுக்குக் கிடைத்தது உண்மையானது. நான் என் அறையில் உட்கார்ந்து, "நீண்ட காலம் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு மரணத்தின்போது நிம்மதி வருவது இயல்பு" என்று உங்களிடம் சொல்லியிருந்தால் நீங்கள் தலையாட்டியிருப்பீர்கள். உள்ளே ஒன்றும் அசைந்திருக்காது. அதை அனுபவித்த ஒருவர், வெட்கத்தோடு, தனக்காகச் சொன்னபோதுதான் அசைந்தது. 'எனக்கு மட்டும்தான் இப்படி' என்ற எண்ணம் உடைவதை, குழுச் சிகிச்சையை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த இர்வின் யாலம் அதன் அடிப்படையான குணமாக்கும் கூறுகளில் ஒன்றாக வைக்கிறார்.

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகர மருத்துவமனை ஒன்றில் 1968இல் இரண்டு தம்பதிகள் தங்கள் மகன்களைப் பறிகொடுத்தார்கள். அங்கே சமய ஊழியராக இருந்த சைமன் ஸ்டீஃபன்ஸ், அந்த இரு குடும்பங்களும் ஒன்றையொன்று தேற்றிக்கொண்ட அளவுக்குத் தன்னால் தேற்ற முடியவில்லை என்பதைக் கவனித்தார். அதிலிருந்து 1969இல் பிறந்த அமைப்பு, பிள்ளைகளை இழந்த பெற்றோர்களுக்காக இன்று பல நாடுகளில் இயங்குகிறது. அதற்கும் முன், 1935இல், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் மருத்துவரான பாப் ஸ்மித்தும் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். அங்கே ஸ்மித்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் இன்னொரு குடிநோயாளி. அவரை மருத்துவராக இருந்து தேற்ற ஸ்மித்தாலும் முடியாது, ஸ்மித்துக்கு உபதேசம் செய்ய வில்சனாலும் முடியாது. இந்தச் சமநிலைதான் இத்தகைய குழுக்களின் உயிர்.

உங்கள் குழுவில் கெட்டுப்போயிருப்பதும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் மெல்ல மெல்லக் குணப்படுத்துபவராக உயர்ந்துவிட்டார். இன்னொருவர் உங்களை அதே உயரத்தில் ஏற்றி வைத்து, இரவெல்லாம் பற்றிக்கொண்டிருக்கிறார். அக்காவைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. ஓர் உறுப்பினர் இன்னொருவருக்குச் சொல்லும் ஆறுதல், உத்தரவாக மாறும் இடத்தை அவர் கவனிக்கத் தவறியிருக்கிறார்.

இதோடு ஒட்டிய ஒரு நம்பிக்கையையும் திருத்த விரும்புகிறேன். ஒவ்வொரு வாரமும் அழுதால்தான் துக்கம் கரையும், அழாத வாரம் வீணான வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அழுகையின் அளவை வைத்து ஆறுதலை அளக்க முடியாது. ஒரே வேதனையை இருவர் மாற்றி மாற்றிக் கிளறிப் பேசிக்கொண்டே இருக்கும் பழக்கத்தை அமண்டா ரோஸ் என்ற உளவியலாளர் வளரிளம் பருவத்தினரிடம் ஆராய்ந்து 2002இல் எழுதினார்: அப்படிப் பேசுகிறவர்களுக்கிடையே நெருக்கம் கூடுகிறது, கூடவே மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாகக் காணப்படுகின்றன. நெருக்கம் கூடுவதால்தான் உள்ளே இருப்பவர்களுக்கு மற்றது தெரிவதில்லை. நல்ல குழுவில் ஒருவர் நான்காம் முறையாக அதே மருத்துவமனை இரவைச் சொல்லும்போது, "இந்த வாரம் எப்படிப் போயிற்று?" என்று ஒருவர் கேட்பார். உங்கள் குழுவில் அந்தக் கேள்வியைக் கேட்கும் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள்.

தனியாக ஆலோசகர் வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டும். குழுவோடு சேர்த்தே அதைச் செய்யலாம். ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டும் என்ற கட்டாயமில்லை. தாய் இறந்து ஓராண்டுக்கு மேலாகியும் நாளின் பெரும்பகுதியை ஏக்கமே விழுங்குகிறது, அவருடைய அறைக்குள் போகவே முடியவில்லை, தானும் பாதி இறந்துவிட்டதாகத் தோன்றுகிறது என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். நீடித்த துயரம் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு தனி நிலையாக ஏற்றிருக்கிறது. அதற்குக் குறைந்தபட்சக் கால அளவு 6 மாதம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2022இல் அதைச் சேர்த்தபோது பெரியவர்களுக்கு 12 மாதம் என்று வைத்தது. காலம் மட்டும் அளவுகோலன்று. அன்றாட வாழ்வு எவ்வளவு முடங்கியிருக்கிறது என்பதும் பார்க்கப்படும். உங்களுக்கு அது இருக்கிறது என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. நேரில் மதிப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு அறிகுறிகள் இருக்கின்றன என்று மட்டும் சொல்கிறேன். இருந்தால் அதற்கென்றே வகுத்த பேச்சுச் சிகிச்சைகள் உண்டு.

வெளியே போன வார்த்தை

குழுவில் பேசியதற்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கும் என்று நம்பியிருந்தீர்கள். மருத்துவரும் உரிமம் பெற்ற ஆலோசகரும் சட்டத்தாலோ தொழில் நெறியாலோ ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள்; மீறினால் புகார் செய்ய இடமிருக்கிறது. பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் சக உறுப்பினருக்குப் பொதுவாக அந்தக் கடமை கிடையாது. 'இங்கே பேசியது இங்கேயே இருக்கட்டும்' என்பது ஒருவர்மீது ஒருவர் வைக்கும் நம்பிக்கை; அந்த நம்பிக்கை உடைந்தால் குழுவுக்குள் கேட்கலாம், நீதிமன்றத்துக்குப் போவது பெரும்பாலும் பயன் தராது. அதனால் இனிமேல் எங்கே சேர்ந்தாலும் முதல் சில வாரங்கள் கேட்பவராக இருங்கள். உங்கள் பெயரோடு சேர்ந்து வெளியே போனால் தாங்க முடியாததை, அந்த இடத்தைத் தெரிந்துகொண்டபின் சொல்லுங்கள்.

யார் சொன்னது என்று துப்புத் துலக்காதீர்கள். ஒருவேளை அவர் தன் வீட்டில், பெயர் சொல்லாமல், இரக்கத்தோடு சொன்னதே சுற்றி வந்திருக்கலாம். அடுத்த கூட்டத்தில் யாரையும் பார்க்காமல், "நான் இங்கே சொன்னது என் உறவினர் வாயிலிருந்து எனக்கே திரும்பி வந்தது. எனக்கு வலித்தது. இதைப் பற்றி நாம் பேச வேண்டும்" என்று சொல்லுங்கள். அதைக் குழு எப்படி ஏற்கிறது என்பதிலிருந்தே அது எப்படிப்பட்ட இடம் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்த உறவினருக்கு நீங்கள் விளக்கம் தரக் கடமைப்பட்டவர் அல்லர். மறுபடியும் கேட்டால், மறுத்துப் பொய் சொல்லவும் வேண்டாம், கூனிக் குறுகவும் வேண்டாம். "ஆமாம், அம்மாவின் வலி முடிந்ததில் எனக்கு நிம்மதி. அம்மா இல்லாததில் எனக்கு நிம்மதி இல்லை" என்று சொல்லலாம். உங்களுக்கே இது தெரியும். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் கிட்டத்தட்ட இதையே எழுதிவிட்டு அடித்திருக்கிறீர்கள்.

முகாமுக்குப் போக வேண்டுமா

போக வேண்டாம் என்பது என் கருத்து. இதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. மருந்தில் தடுமாறிக்கொண்டிருக்கும் சமயத்தில், வெளித்தொடர்பு துண்டிக்கப்பட்ட இடத்தில், மருத்துவ விஷயத்தில் ஏற்கெனவே தவறான அறிவுரை தந்த ஒருவரின் பொறுப்பில் மூன்று நாள் இருப்பது உங்களுக்கு ஆபத்து.

மனத்தின் கதவுகளை உடைத்துத் திறப்பதாகச் சொல்லும் தீவிரக் குழுக்கள் 1960களில் அமெரிக்காவில் பெருகின. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் ஏறத்தாழ 200 பேரை அத்தகைய பல குழுக்களில் சேர்த்து, லீபர்மன், யாலம், மைல்ஸ் ஆகிய மூவரும் செய்த ஆய்வு 1973இல் வெளிவந்தது. பலர் பயனடைந்திருந்தார்கள். ஆனால் பத்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோர், குழு முடிந்து மாதங்கள் ஆகியும் நீங்காத உளப் பாதிப்போடு வெளியேறியிருந்தார்கள். அவர்களில் பலர் கவர்ச்சியும் வேகமும் மிக்க, உறுப்பினர்களை எதிர்த்துக் கேட்டு நெருக்குகிற தலைவர்களின் குழுக்களில் இருந்தவர்கள். அப்படிப்பட்ட தலைவர்கள் தங்கள் குழுவில் யார் உடைந்துபோகிறார் என்பதைச் சரியாகக் கண்டுகொள்ளவில்லை என்பது அந்த ஆய்வில் என்னை மிகவும் பாதித்த பகுதி. சக உறுப்பினர்கள் அவர்களைவிட நன்றாகக் கண்டுகொண்டார்கள்.

கட்டிய தொகையை எழுத்து மூலம் திரும்பக் கேளுங்கள். உடல்நலக் காரணத்தால் கலந்துகொள்ள இயலவில்லை என்ற ஒரு வரி போதும். பணம் செலுத்தியதற்கான சான்று, முகாம் பற்றி வந்த செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். 'ஏற்படும் விளைவுகளுக்கு நானே பொறுப்பு' என்பது போன்ற படிவம் எதிலும் கையெழுத்திடாதீர்கள். பணம் திரும்பாமலே போகலாம். போன பாதியை மீட்பதற்காக மீதிப் பாதியையும் உங்கள் மனநலத்தையும் சேர்த்து வைக்க வேண்டாம்.

விலகுவதா, தொடர்வதா

வயது வந்த ஒருவர் தன் விருப்பத்தால் சேர்ந்த குழுவிலிருந்து, காரணம் சொல்லாமலும் விலகலாம். துரோகம் என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை. கலிஃபோர்னியாவில் 1958இல், போதைக்கு அடிமையானவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் இடமாகத் தொடங்கிய சினனான் என்ற அமைப்பு ஆரம்பத்தில் பலருக்கு மறுவாழ்வு தந்தது. ஒரு கட்டத்தில் அதன் நிறுவனர், குணமாகி வெளியே போவது என்ற ஒன்றே இல்லை, உள்ளேயே வாழ வேண்டும் என்றாக்கினார். பின்னர் அது வன்முறைக்கும் வழக்குகளுக்கும் உள்ளாகி 1991இல் முடிந்துபோனது. உங்கள் குழு அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. ஒரு குழுவை எடைபோட நான் முதலில் பார்ப்பது, அங்கிருந்து வெளியேறும் ஒருவரைப் பற்றி மற்றவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைத்தான்.

உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. உடனே விலகலாம், கொஞ்ச காலம் இடைவெளி எடுக்கலாம், எல்லை வகுத்துக்கொண்டு தொடரலாம். நீங்கள் இருக்கும் நிலையில் உடனே விலகினால், அந்த ஒரே இடத்தையும் இழந்த வெறுமை உங்களைத் தாக்கக்கூடும். எனவே முதலில் தனி ஆலோசகர் ஒருவரைப் பார்க்கத் தொடங்குங்கள். பிறகு அக்காவைத் தனியே சந்தித்து மூன்றைச் சொல்லுங்கள்: மருந்து பற்றி என் மருத்துவரோடு மட்டுமே பேசுவேன், முகாமுக்கு வரவில்லை, ரகசியம் காப்பது பற்றிக் குழுவில் பேச வேண்டும். மாத்திரையை மறுபடி எடுத்துக்கொள்வதை அவரிடம் மறைத்ததற்காக மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

அவர் சற்றே முகம் வாடினாலும் கேட்டுக்கொண்டால், இன்னும் நான்கைந்து கூட்டங்களுக்குப் போய்ப் பாருங்கள். கூட்டம் முடிந்து வீடு திரும்பும்போது மனம் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் இரண்டு வரி எழுதி வையுங்கள். கேலியோ, குற்றச்சாட்டோ, மற்றவர்கள் மூலம் அழுத்தமோ வந்தால் விலகிவிடுங்கள். விலகும்போது முடிந்தால் ஒருமுறை நேரில் போய், "இங்கே எனக்கு நிறையக் கிடைத்தது. இப்போது விடைபெறுகிறேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொல்லாமல் போய்விட்ட மரணங்களால் காயப்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். முறையாக விடைபெறுவது அவர்களுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. உங்களுக்கு அந்த முதல் வார்த்தையைத் தந்த நண்பரோடு குழுவுக்கு வெளியேயும் பேச விரும்பினால், அவருக்கும் விருப்பமா என்று கேட்டுப் பாருங்கள்.

வேறு குழு தேடும்போது சில கேள்விகளை முதல் நாளே கேட்டுவிடலாம். நடத்துபவர் ஒருவரேயா, பொறுப்பு மாறி மாறி வருகிறதா? ஒருவருக்குத் தற்கொலை எண்ணம் வந்தால் என்ன செய்வார்கள்? உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் அறிவுரை சொல்லலாமா, தம் அனுபவத்தை மட்டும் சொல்லலாமா? பேசாமல் இருக்க உரிமை உண்டா? இவற்றைக் கேட்டதற்கே ஒருவர் முகம் சுளித்தால் அடுத்த குழுவைப் பாருங்கள்.

கடைசியாக, என்றாவது ஒரு குழுவை நடத்த வேண்டும் என்ற உங்கள் ஆசை. எழுதும்போதே 'இது அகங்காரமோ' என்று தயங்கியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நெடுங்காலம் நோயாளியைப் பராமரித்தவர்களின் துக்கத்தை அறிந்த ஒருவர் நடத்தும் குழு பலருக்குத் தேவை. ஆனால் இப்போது வேண்டாம். இன்னொருவர் தன் தாயின் கடைசி நாளைச் சொல்லும்போது, உங்கள் தாயின் கடைசி நாளுக்குள் இழுத்துச் செல்லப்படாமல் அவரோடு உங்களால் இருக்க முடிகிற காலம் வரட்டும். அதை உங்கள் ஆலோசகரோடு சேர்ந்து தீர்மானியுங்கள். அதன்பின் குழு நடத்தும் பயிற்சி ஒன்றில் சேர்ந்து, முதலில் அனுபவமுள்ள ஒருவருக்குத் துணையாக உட்காருங்கள். தனியே தொடங்கும்போதும் இணையாக இன்னொருவரை வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்தபின் உங்கள் பாரத்தை இறக்கி வைக்க, குழுவுக்கு வெளியே ஓர் ஆலோசகரை ஏற்பாடு செய்துகொண்ட பிறகே முதல் கூட்டத்துக்கு நாள் குறியுங்கள்.